ஆங்கில வாக்கியம் எங்கே இடறுகிறது? அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறிந்து நீக்கும் முறை

எழுதி முடித்த ஆங்கில வாக்கியத்தில் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் எது சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை என்ற நிலையில் இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதால் பெரிய பயன் இல்லை. புத்தகம் விதிகளின் வரிசையில் அமைந்திருக்கிறது. நம் கையில் இருப்பதோ விதியின் பெயர் தெரியாத ஒரு பிழை. ஆகவே இங்கே பிழைகள், கண்ணுக்குத் தென்படும் அறிகுறிகளின்படி பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படித்தால் போதும். ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்திலேயே இருப்பதால் அவற்றை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

அறிகுறிகளுக்குள் செல்லும் முன், இந்தப் பிழைகள் ஏன் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைப் பார்த்துவிடலாம். தமிழில் ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் வந்தவர் யார், ஒருவரா பலரா, எப்போது வந்தார் ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் துரத்தியது நாய்தான்; ‘ஐ’ உருபு பூனையை விட்டு நீங்காதவரை சொற்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால் துரத்துவது பூனையாகிவிடும். ஆங்கிலமும் ஒரு காலத்தில் வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழியாகத்தான் இருந்தது. சுமார் 1150க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் உருபு ஏற்றன, சொல்வரிசையும் இன்றைய அளவுக்கு இறுகியிருக்கவில்லை. பின்னர் உருபுகள் தேய்ந்து மறைந்தபோது, அவை செய்துவந்த வேலையைச் சொல் நிற்கும் இடமும், தனித்து நிற்கும் சிறு சொற்களும் ஏற்றுக்கொண்டன. இதனால் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவரின் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டில் ஒன்றாகவே இருக்கும்: ஒரு சொல் தன் இடத்தில் இல்லை, அல்லது விகுதிக்கும் உருபுக்கும் ஈடாக வரவேண்டிய சிறு சொல் வரவில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் காலம் காட்டும் வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிட வேண்டும். அது ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வெர், ஹேவ், ஹேஸ், ஹேட், டூ, டஸ், டிட், வில், கேன்’ போன்ற துணைவினைகளில் ஒன்றாக இருக்கலாம், அல்லது ‘ரைட்ஸ்’, ‘ரோட்’ போலக் காலத்தைத் தானே காட்டும் முதன்மை வினையாக இருக்கலாம். அடுத்து, அந்த வினைக்குரிய எழுவாய் எது என்று கேட்க வேண்டும். இவ்விரண்டும் சரியான பிறகுதான் ‘எ, அன், தி’ என்ற ஆர்ட்டிக்கிள், ‘இன், ஆன், அட்’ போன்ற முன்னிடைச்சொல் ஆகியவற்றைத் தொட வேண்டும். வரிசையை மாற்றி ஆர்ட்டிக்கிளில் தொடங்கினால், வினையைத் திருத்தும்போது வாக்கியமே மாறிப்போய், முன்பு செய்த திருத்தங்கள் வீணாகும்.

அறிகுறி: அடிக்கோடிட வினையே கிடைக்கவில்லை

‘மை பிரதர் டாக்டர்’, ‘ஷி வெரி ஹேப்பி டுடே’ போன்றவை இவ்வகை. தமிழில் ‘அவர் மருத்துவர்’ என்பது முழுமையான வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்பதால் வினை தேவையில்லை. ஆங்கில வாக்கியம் அப்படி நிற்காது. ‘மை பிரதர் இஸ் எ டாக்டர்’, ‘ஷி இஸ் வெரி ஹேப்பி டுடே’ என்று ‘இஸ்’ வந்தே ஆக வேண்டும்.

இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டவர்கள் பலர் அடுத்த படியில் இதற்கு நேர் எதிரான பிழைக்குள் விழுகிறார்கள். ‘ஐ ஆம்’ என்பதைப் பிரிக்க முடியாத ஒரே சொல்லாகப் பழகிவிடுவதால் ‘ஐ ஆம் கோ டு ஆபீஸ் டெய்லி’, ‘ஐ ஆம் அக்ரீ’ என்றெல்லாம் வருகிறது. ‘ஆம், இஸ், ஆர்’ ஆகியவற்றுக்குப் பின் பெயர் வரலாம், பண்பு வரலாம், இடம் வரலாம், ‘கோயிங்’ போன்ற ‘இங்’ வடிவமோ ‘ரிட்டன்’ போன்ற மூன்றாம் வினைவடிவமோ வரலாம். ‘கோ’, ‘அக்ரீ’ போன்ற வெறும் வினை வரவே கூடாது. ‘ஐ அக்ரீ’ என்பதே நிறைவான வாக்கியம்.

அறிகுறி: வினை இருக்கிறது, ஆனால் செய்தவர் இல்லை

‘யெஸ்டர்டே வென்ட் டு தி பேங்க்’ என்ற வாக்கியத்தில் ‘சென்றேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதி தொலைந்துபோயிருக்கிறது. ‘வென்ட்’ என்பது நான், நீ, அவர்கள் என எல்லோருக்கும் ஒன்றே ஆகையால் ‘ஐ’ என்பதைத் தனியே எழுதாமல் யார் சென்றார் என்று தெரியாது. செய்பவர் என்று யாரும் இல்லாத வாக்கியத்திலும் அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. ‘இட் இஸ் லேட்’, ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘தேர் இஸ் எ பிராப்ளம்’ ஆகியவற்றில் ‘இட்’, ‘தேர்’ இரண்டும் எதையும் சுட்டாமல் எழுவாயின் இருக்கையை நிரப்ப மட்டுமே வந்திருக்கின்றன.

‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலமாக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘எனக்கு மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள்’ என்பதை ‘ஃபார் மி த்ரீ பிரதர்ஸ் ஆர் தேர்’ என்று எழுதுவது, நான்காம் வேற்றுமையை அப்படியே தூக்கிச் செல்வதால் வருகிறது. தமிழில் பசி, காய்ச்சல், விருப்பம், அறிவு, உடைமை எல்லாம் ‘எனக்கு’ நேர்பவை. ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ‘ஐ’ என்பதே எழுவாய். எனக்குப் பசிக்கிறது என்பது ‘ஐ ஆம் ஹங்க்ரி’, எனக்குத் தெரியும் என்பது ‘ஐ நோ’, எனக்குக் காய்ச்சல் என்பது ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, எனக்கு மூன்று அண்ணன்கள் என்பது ‘ஐ ஹேவ் த்ரீ எல்டர் பிரதர்ஸ்’.

எழுவாய்க்கு நேர்ந்ததே செயப்படுபொருளுக்கும் நேர்வதுண்டு. ‘புத்தகம் பிடித்ததா?’ என்றால் ‘பிடித்தது’ என்ற ஒரு சொல் போதும். ‘யெஸ், ஐ லைக்ட்’ என்றால் ஆங்கிலத்தில் வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் கேட்கும்; ‘யெஸ், ஐ லைக்ட் இட்’ என்று முடிக்க வேண்டும்.

அறிகுறி: காலம் இரண்டு இடங்களில் தெரிகிறது

‘ஐ டிட் நாட் வென்ட்’, ‘டிட் யூ சா ஹிம்?’, ‘டஸ் ஷி லைக்ஸ் இட்?’, ‘ஷி கேன் சிங்ஸ்’. மேலுக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும் இந்த நான்கும் ஒரே பிழை. ஒரு வினைத்தொடரில் காலத்தையும் எண்ணையும் முதலில் நிற்கும் வினை மட்டுமே சுமக்கும்; அதற்கு அடுத்து வருவதற்கு அந்தச் சுமை கிடையாது.

‘ஷி ரைட்ஸ்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேள்வியாக்க ‘டூ’ வந்து முன்னால் நிற்கிறது. உடனே ‘ரைட்ஸ்’ என்பதன் இறுதியில் இருக்கும் ‘ஸ்’ கழன்று ‘டூ’வோடு சேர்ந்துகொள்ள, அது ‘டஸ்’ ஆகிறது, எஞ்சியது ‘ரைட்’. கேள்வி ‘டஸ் ஷி ரைட்?’, மறுப்பு ‘ஷி டஸ் நாட் ரைட்’. ‘ஷி ரோட்’ என்ற இறந்தகால வாக்கியத்திலும் இதுவே நடக்கிறது: இறந்தகாலம் ‘டூ’வுக்குப் போய் ‘டிட்’ ஆக, ‘ரோட்’ மீண்டும் ‘ரைட்’ ஆகிறது. வாக்கியத்தில் இருப்பது ஒரே ஒரு ‘ஸ்’, அல்லது ஒரே ஓர் இறந்தகாலம். அது இடம் பெயருமே தவிரப் பெருகாது. சோதிக்கும் வழி எளிது. முதல் துணைவினையைக் கையால் மறைத்துக்கொண்டு, மீதமுள்ள வினையில் காலமோ ‘ஸ்’ஸோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அதை நீக்க வேண்டும்.

‘ஸ்’ வேண்டிய இடத்தில் விடுபட்டுப்போவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிழைதான். தமிழ் வினைமுற்று எல்லா இடத்துக்கும் தனித்தனி விகுதி ஏற்கிறது. ஆங்கிலமோ ஏறத்தாழ எல்லாவற்றையும் உதறிவிட்டு, நிகழ்காலத்தில் ‘ஹி, ஷி, இட்’ ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு ‘ஸ்’ஸை வைத்திருக்கிறது. எழுவாய் குறுகியதாக இருந்தால் இதில் அதிகம் தவறுவதில்லை. எழுவாய் நீளும்போதுதான் கண் ஏமாறுகிறது. ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் ரெடி’ என்று எழுதுபவர் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் ‘நேம்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். தயாராக இருப்பது பட்டியல், எனவே ‘இஸ் ரெடி’. ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’ என்பதில் ‘ஃபிரெண்ட்ஸ்’ பன்மை, வினை ஒருமை. ‘எவ்ரிபடி’ பலரைக் குறித்தாலும் ‘எவ்ரிபடி ஹேஸ்’ என்றே வரும். ‘பீப்பிள்’ என்பது ‘ஸ்’ இல்லாமலேயே பன்மை என்பதால் ‘பீப்பிள் ஆர்’.

அறிகுறி: கேள்வி, கேள்வி போல் ஒலிக்கவில்லை

‘வேர் யூ ஆர் கோயிங்?’, ‘வாட் ஹி செட்?’ என்று வந்தால், வினாச்சொல் மட்டும் முன்னால் வந்திருக்கிறது, மற்றவை அசையாமல் நிற்கின்றன என்று பொருள். தமிழில் வினாச்சொல்லைச் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாயும் முதல் துணைவினையும் இடம் மாற வேண்டும்: ‘வேர் ஆர் யூ கோயிங்?’ மாற்றுவதற்குத் துணைவினை இல்லையென்றால் ‘டூ’வைக் கடன் வாங்க வேண்டும்: ‘வாட் டிட் ஹி சே?’ வினாச்சொல்லே எழுவாயாக இருக்கும்போது மட்டும் இந்த மாற்றம் இல்லை; ‘ஹூ கேம்?’, ‘வாட் ஹேப்பன்ட்?’ என்பவை அப்படியே சரி.

இதைக் கற்றவுடன் எல்லா இடத்திலும் மாற்றத் தோன்றும். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் சொற்கள் பழைய வரிசைக்கே திரும்ப வேண்டும். ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்பது தவறு. ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ என்பதே சரி.

‘இல்லையா’ என்பதற்கு ஈடாக எல்லா வாக்கியத்தின் இறுதியிலும் ‘இஸின்ட் இட்’ சேர்ப்பது பேச்சில் பரவலாக இருந்தாலும், முறையான எழுத்தில் முன்னுள்ள வினையையும் எழுவாயையும் பின்பற்றி ‘யூ ஆர் கம்மிங், ஆரின்ட் யூ?’ என்றே எழுத வேண்டும். எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரியது, ஏனெனில் அங்கே செய்தியே தலைகீழாகிவிடும். ‘உங்களுக்கு இது வேண்டாமா?’ என்று கேட்டால், கேட்டவரின் கூற்றை ஆமோதித்து ‘ஆமாம், வேண்டாம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் பின்வரும் விடையோடுதான் ஒத்துப்போக வேண்டும். வேண்டாம் என்றால் கேள்வி எப்படி இருந்தாலும் ‘நோ, ஐ டோன்ட்’. வெறும் ‘யெஸ்’ என்று சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவர் வேண்டும் என்றே புரிந்துகொள்வார்.

அறிகுறி: எங்கு பார்த்தாலும் ‘இங்’

‘ஐ ஆம் நோயிங் ஹிம்’, ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் வேக்கிங் அப் அட் சிக்ஸ் எவ்ரிடே’. தமிழின் ‘நடக்கிறேன்’ என்ற வடிவம் ‘தினமும் நடக்கிறேன்’ என்ற வழக்கத்தையும் ‘இதோ நடக்கிறேன்’ என்ற நடப்பையும் ஒருசேரச் சுட்டக்கூடியது. ஆங்கிலம் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. தினமும், வழக்கமாக, எப்போதும் என்ற பொருளுக்கு ‘ஐ வாக்’. இந்த நேரத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்ற பொருளுக்கு ‘ஐ ஆம் வாக்கிங்’. ‘நோ, பிலீவ், வான்ட், நீட், பிலாங், ஓன்’ போன்றவை செயலைக் குறிக்காமல் நிலையைக் குறிப்பதால் பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. ‘ஹேவ்’ உடைமையைக் குறிக்கும்போது ஏற்காது. உண்பதைக் குறிக்கும்போது ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்று தாராளமாக ஏற்கும்.

பன்னிரண்டு காலங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்வது தொடக்க நிலையில் இருப்பவருக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பது என் கருத்து. அந்த அட்டவணையை ஒப்பிக்கத் தெரிந்தவரும் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுவார். இதில் பிழைகள் இரண்டு. முன்பு தொடங்கி இன்றும் தொடரும் செயலுக்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும். ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்வது, கால அளவைச் சொல்வது ‘ஃபார்’. ஆகவே ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’, அல்லது ‘சின்ஸ் 2021’. மறுபுறம், ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போல முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ அங்கே வரக்கூடாது: ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’.

அறிகுறி: ஆர்ட்டிக்கிள் இல்லை, அல்லது தேவையில்லாமல் இருக்கிறது

தமிழில் ஆர்ட்டிக்கிளே இல்லை என்று சொல்வார்கள். ஆனால் அது செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தமிழ் வேறு வழியில் செய்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட புத்தகம். முதலாவது ‘ஐ பாட் எ புக்’, இரண்டாவது ‘ஐ பாட் தி புக்’. எனவே அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும் வாக்கியத்தில் ஐயம் எழுந்தால், தமிழில் அங்கே ‘ஐ’ உருபு இயல்பாக வருமா என்று சொல்லிப் பார்க்கலாம். வருமென்றால் பெரும்பாலும் ‘தி’. உயர்திணைப் பெயர்களில் இந்த உருபு எப்படியும் வந்துவிடுவதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது.

செயப்படுபொருள் அல்லாத இடங்களில் கேட்கவேண்டியது வேறு. எந்த ஒன்று என்று படிப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் ‘தி’. தெரியாதென்றால், எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு ‘எ’ அல்லது ‘அன்’. பன்மைக்கும் எண்ண முடியாத பெயருக்கும் எதுவும் வேண்டாம். பொதுவாக வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது ‘தி லைஃப் இஸ் ஹார்ட்’ என்று எழுதாமல் ‘லைஃப் இஸ் ஹார்ட்’ என்று எழுதுவது இதனால்தான். தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று பன்மை கூறலாம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட்’ ஆகியவை எண்ண முடியாதவை என்பதால் முன்னால் ‘எ’யும் பின்னால் ‘ஸ்’ஸும் ஏற்பதில்லை.

‘எ’ வருமா ‘அன்’ வருமா என்பதை ஒலி தீர்மானிக்கிறது, ஆங்கில எழுத்து தீர்மானிப்பதில்லை. இங்கே தமிழ் எழுத்து நமக்குக் கைகொடுக்கிறது. ஒலிப்பைத் தமிழில் எழுதிப் பார்த்து, சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘அன்’ என்று கொள்ளலாம்: ‘அன் அவர்’, ‘அன் எம்.எல்.ஏ.’, ‘எ யுனிவர்சிட்டி’, ‘எ யூரோப்பியன்’. ‘ஒன்’ என்று நாம் எழுதும் எண்ணுப்பெயர் ‘வன்’ என்றே ஒலிப்பதால் ‘எ ஒன்-டே மேட்ச்’ என்று வருவதை மட்டும் தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: முன்னிடைச்சொல் இடறுகிறது

‘இல்’ என்ற ஒரே உருபு மேசையில், பெட்டியில், வாசலில் என்று எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. ஆங்கிலம் அதைப் பரப்பின் மேல் ‘ஆன்’, உள்ளே ‘இன்’, ஒரு புள்ளியில் ‘அட்’ என்று பிரிக்கிறது. நேரத்துக்கும் இதுவே: மணிக்கு ‘அட்’, நாளுக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’ சேர்ந்துவிட்டால் எதுவும் வேண்டாம். ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘என்டர் இன்டு தி ரூம்’, ‘ஆன்சர் டு தி கொஸ்டின்’ ஆகியவற்றில் இடையில் நிற்கும் சொல்லை நீக்கிவிட வேண்டும்; இந்த வினைகள் நேரடியாகச் செயப்படுபொருளைப் பற்றிக்கொள்பவை. ‘ஆங்க்ரி வித்’, ‘குட் அட்’, ‘மேரீட் டு’ போன்றவற்றுக்கு விதி தேடுவதைவிட, வினையையோ பண்பையோ கற்கும்போதே அதன் துணைச்சொல்லையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதே விரைவான வழி.

அறிகுறி: வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது

அறுந்த வாக்கியத்தை முதலில் சொல்லிவிடலாம். ‘பிகாஸ் ஐ வாஸ் இல்.’ என்று தனியே நிறுத்தினால் அது காரணம் மட்டுமே. எதற்குக் காரணம் என்று சொல்லும் முதன்மை வாக்கியத்தோடு அதை இணைக்க வேண்டும். ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் நடுவில் ‘பட்’ வேண்டாம். ‘இஃப்’ உள்ள பகுதியில், எதிர்காலத்தைச் சொன்னாலும், பொதுவாக ‘வில்’ வருவதில்லை: ‘இஃப் ஐ கோ, ஐ வில் டெல் யூ’.

நீண்டுகொண்டே போகும் வாக்கியத்துக்கு வேர் தமிழின் வினையெச்சத்தில் இருக்கிறது. ‘நேற்று நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்து, மேலாளரிடம் காட்டி, அவர் சொன்ன திருத்தங்களைச் செய்து, இன்று காலை திருப்பி அனுப்பினேன்’ என்ற வாக்கியத்தில் எச்சங்கள் வரிசையாக வந்தாலும் முற்று ஒன்றே. தமிழ் இதை எளிதாகத் தாங்கும். இதே வரிசையை ஆங்கிலத்தில் காற்புள்ளியால் மட்டும் ஒட்டினால் நான்கு முற்றுவினைகள் இணைப்பின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எச்சங்களையும் முற்றையும் சேர்த்து எண்ணி, இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படித்ததும் காட்டியதும் ஒரு வாக்கியம். திருத்தியதும் அனுப்பியதும் இன்னொன்று. பெயருக்கு முன் வந்த ‘நீங்கள் அனுப்பிய’, ‘அவர் சொன்ன’ என்ற பெயரெச்சத் தொடர்களைப் பெயருக்குப் பின்னே கொண்டுபோக வேண்டும். கிடைப்பது இது: ‘ஐ ரெட் தி லெட்டர் யூ சென்ட் யெஸ்டர்டே அண்ட் ஷோட் இட் டு தி மேனேஜர். ஆஃப்டர் மேக்கிங் தி கரெக்ஷன்ஸ் ஹி சஜெஸ்டட், ஐ சென்ட் இட் பேக் திஸ் மார்னிங்.’

இரண்டாம் வாக்கியத்தில் வரும் ‘ஆஃப்டர் மேக்கிங்’ போன்ற வடிவத்தைப் பயன்படுத்தும்போது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். தமிழில் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று எச்சத்துக்கு ஓர் எழுவாயும் முற்றுக்கு வேறோர் எழுவாயும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாத ‘இங்’ தொடர், காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும். ‘ரீச்சிங் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்’ என்று எழுதினால் நிலையத்தை அடைந்தது ரயில் என்றாகிறது. திருத்த, ‘இங்’ தொடரை விட்டுவிட்டு எழுவாயை வெளிப்படையாக எழுதினால் போதும்: ‘வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்’.